நாற்பத்தொன்பது நாள் நகராத கார்

1995 நவம்பர் கடைசி. ஜப்பான்ல டொயோட்டாவோட ஒரு டீம், பெட்ரோல் இஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டற ஒரு காரைப் பூட்டி முடிச்சுட்டு, ஓட்டிப் பார்க்கறாங்க. நகரலை. மறுநாளும் நகரலை. இப்படியே 49 நாள். கடைசியா ஒருவழியா நகர்ந்தப்போ ஐந்நூறு மீட்டர் போய் நின்னுடுச்சு. அந்த டீமோட தலைவர் தகேஷி உச்சியமடா இதைப் பின்னாடி பல பேட்டிகள்ல அவரே சொல்லியிருக்கார்.

நம்மள மாதிரி பொட்டி தட்டுற ஆளுங்களுக்கு இந்த வலி நல்லாவே புரியும். எல்லாம் சரியா இருக்கு, ஆனா ஓடலை. ஹார்ட்வேர்காரன் சாஃப்ட்வேரைக் கை காட்டுவான், சாஃப்ட்வேர்காரன் ஹார்ட்வேரைக் கை காட்டுவான். ஹைபிரிட் காரோட சரித்திரமே இந்தக் கை காட்டல்ல ஆரம்பிச்சதுதான்னு எனக்குத் தோணும். பேட்டரியா, இஞ்சினா, ரெண்டுக்கும் நடுவுல உட்கார்ந்திருக்கற நிரலா? இன்னிக்கும் பழைய ஹைபிரிட் ஒண்ணு வழியில நின்னா இதே கேள்விதான்.

ரெண்டு மாட்டு வண்டி

இந்த யோசனை ஒண்ணும் புதுசு இல்லை. வியன்னாவுல லோனர் கம்பெனியில வேலை பார்த்த இளைஞர் ஃபெர்டினாண்ட் போர்ஷே, சக்கரத்துக்குள்ளயே மோட்டார் வச்ச மின்சாரக் காரை 1900 பாரிஸ் கண்காட்சியில காட்டினார். ஈய பேட்டரி பயங்கர கனம், தூரமும் போகாது. அதனால அடுத்து பெட்ரோல் இஞ்சின் ஒண்ணை வச்சு டைனமோவைச் சுத்தி, அந்தக் கரண்டுல சக்கரத்தை ஓட்டினார். அமெரிக்காவுல சிகாகோவின் உட்ஸ் கம்பெனி 1917 வாக்கில் 'டூயல் பவர்'னு ஒரு காரை வித்துச்சு. மெதுவா போனா மோட்டார், வேகம் எடுத்தா இஞ்சின். விலை அதிகம், வேகம் கம்மி. சீக்கிரமே மூடிட்டாங்க. அதுக்குள்ள 1912-லயே கேடிலாக் காரில் மின்சார செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்துடுச்சு. கையால இஞ்சினைச் சுத்தி கை முறியற பயம் போனதும் பெட்ரோல் காரே ஜெயிச்சது.

ஆனா இந்தத் தத்துவம் சாகலை. நம்ம விழுப்புரம் - கடலூர் - சிதம்பரம் - மயிலாடுதுறை லைன்ல மீட்டர் கேஜ் இருந்த காலத்துல ஒய்.டி.எம்-4 டீசல் இஞ்சின்கள் ஓடுமே, ஞாபகம் இருக்கா? சிதம்பரம் ஸ்டேஷன்ல நின்னு தடதடன்னு புகை விட்ட அந்த டீசல் இஞ்சின் சக்கரத்தை நேரா சுத்தவே இல்லை. ஜெனரேட்டரைச் சுத்துச்சு, அந்தக் கரண்டுல மோட்டார் சக்கரத்தைச் சுத்துச்சு. ஓட்டத்துக்குன்னு பெரிய பேட்டரி கிடையாது, அதனால ஹைபிரிட்னு சொல்ல முடியாது. ஆனா போர்ஷே செஞ்சதுக்கு நெருங்கின சொந்தக்காரன்தான்.

ஆமை விளக்கு

49 நாள் நகராத அந்த வண்டிதான் 1997 டிசம்பர்ல 'பிரியஸ்'ங்கற பேர்ல ஜப்பான்ல விற்பனைக்கு வந்தது. விலை 21.5 லட்சம் யென். ரெண்டு வருஷம் கழிச்சு, 1999-ல ஹோண்டாவோட 'இன்சைட்' வந்தது.

முதல் தலைமுறை பிரியஸ் டேஷ்போர்டுல ஒரு குட்டி ஆமை படம் உண்டு. பேட்டரியில தெம்பு இல்லைன்னா அந்த ஆமை எரியும். 'இனிமே மெதுவாத்தான் போவேன், கோச்சுக்காதே'ன்னு அர்த்தம். ஒரு இயந்திரம் தன் நிலைமையை இவ்ளோ நேர்மையா சொன்னது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ஏன்னு பின்னாடி சொல்றேன்.

இப்ப கொஞ்சம் உள்ளே எட்டிப் பார்ப்போம். 2003-ல வந்த ரெண்டாம் தலைமுறை பிரியஸ்ல நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. 28 மாட்யூல், ஒவ்வொண்ணுலயும் 6 செல். ஆக 168 செல், ஒவ்வொண்ணும் 1.2 வோல்ட், மொத்தம் 201.6 வோல்ட். எல்லாமே தொடரா கோத்தது. சங்கிலியில ஒரு கண்ணி இத்துப் போனா மொத்தச் சங்கிலிக்கும் அந்தக் கண்ணியோட பலம்தான். அதனாலதான் கம்ப்யூட்டர் பேட்டரியை முழுசா காலி ஆகவும் விடாது, முழுசா நிரம்பவும் விடாது. ஏறக்குறைய 40-லேருந்து 80 சதவீதத்துக்குள்ளயே வச்சு ஓட்டும்.

இதுல இன்னொரு சூட்சுமம், இந்த வண்டியில தனியா செல்ஃப் மோட்டாரே கிடையாது. பெரிய பேட்டரிதான் ஒரு மோட்டார் ஜெனரேட்டர் வழியா இஞ்சினைச் சுத்தி எழுப்பும். பேட்டரி படுத்தா இஞ்சின் எழாது. பார்க்கறவனுக்கு இஞ்சின் கோளாறுன்னு தோணும். இதையே திருப்பிப் போட்டா, இஞ்சின் சரியா எரியலைன்னாலோ பெட்ரோல் தீர்ந்தாலோ பேட்டரிதான் முழுச் சுமையையும் இழுக்கும். இழுத்து இழுத்து அது படுக்கும். அப்ப பேட்டரி கோளாறுன்னு தோணும். மாமியார் மருமகள் சண்டை மாதிரி, யார் ஆரம்பிச்சதுன்னு வெளியிலேருந்து கண்டுபிடிக்கவே முடியாது.

இதுக்கு நடுவுல மூணாவதா ஒரு ஆள், சின்ன 12 வோல்ட் பேட்டரி. கம்ப்யூட்டர்களை எழுப்பறது இதுதான். இது செத்தா 200 வோல்ட் பேட்டரி நிறைஞ்சு கிடந்தாலும் வண்டி கட்டைதான்.

நம்ம ஜாதி குற்றவாளி

நாலாவது ஆள் நம்ம ஜாதி. நிரல்.

2005-ல அமெரிக்காவுல ஓடிக்கிட்டிருந்த பிரியஸ் சிலது நடுரோட்டுல திடீர்னு நின்னுச்சு. இஞ்சின்ல கோளாறு இல்லை, பேட்டரியில கோளாறு இல்லை. கண்ட்ரோல் யூனிட்டோட நிரல்ல பிழை. அந்த அக்டோபர்ல அமெரிக்காவுல மட்டும் சுமார் 75,000 வண்டிகளைத் திரும்ப வரச் சொல்லி நிரலை மாத்தினாங்க. 2014 பிப்ரவரியில இன்னும் பெருசு. மூணாம் தலைமுறை பிரியஸ் சுமார் 19 லட்சம். வோல்டேஜை ஏத்தற கன்வர்ட்டர்ல இருக்கற டிரான்சிஸ்டர்களை நிரல் அளவுக்கு மீறி சூடாக்கி, வண்டி நிக்கலாம்னு கண்டுபிடிச்சாங்க. தீர்வு? அதுவும் நிரல் மாற்றம்தான். ஒரு பேட்ச் விட்டு 19 லட்சம் காரைச் சரி பண்றதை நினைச்சா, நம்ம ரிலீஸ் நைட் எல்லாம் ஜுஜுபி மேட்டர் :-)

ஆனா என்னை உறுத்தற கதை வேற. ஹோண்டா சிவிக் ஹைபிரிட். 2006 முதல் 2008 மாடல் வரை பேட்டரி சீக்கிரம் தளருதுன்னு அமெரிக்காவுல புகார். 2010-ல கம்பெனி ஒரு நிரல் மாற்றம் கொடுத்தது. பேட்டரி ஆயுசை நீட்டணும்னா மோட்டார் கொடுக்கற உதவியைக் குறைக்கணும். அதைத்தான் செஞ்சாங்க. பேட்டரிக்கு நல்லதுதான். ஆனா எதுக்காகக் கூடுதல் காசு கொடுத்து ஹைபிரிட் வாங்கினாங்களோ அந்த மைலேஜ் போச்சுன்னு நிறைய ஓனர்கள் கொதிச்சாங்க. ஹெதர் பீட்டர்ஸ்ங்கற ஓனர், கூட்டு வழக்குல கிடைக்கற சில நூறு டாலர் வேண்டாம்னு ஒதுங்கி, வக்கீலே வச்சுக்க முடியாத சின்ன வழக்குகளுக்கான கோர்ட்டுல தனி ஆளா நின்னாங்க. 2012 பிப்ரவரியில 9,867 டாலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு. அதே வருஷம் மே மாசம் மேல்முறையீட்டுல அது ரத்தாச்சு.

யார் ஜெயிச்சாங்கங்கறதை விட எனக்கு முக்கியமா படறது இதுதான். ஒரு பொருளை வித்த பிறகும், உள்ளே இருக்கற நிரலை மாத்தி, அந்தப் பொருளோட குணத்தையே மாத்த முடியுது. ஆமை விளக்கு 'எனக்கு முடியலை'ன்னு சொல்லிட்டு மெதுவா போச்சு. இங்க சொல்றதுக்கு ஆமையும் இல்லை.

நம்ம ஊர்ல

இந்தியாவுக்கு 2008-ல சிவிக் ஹைபிரிட் இறக்குமதியா வந்தது. விலை 21.5 லட்சம் ரூபாய். ஜப்பான்ல முதல் பிரியஸுக்கு யென்ல என்ன நம்பரோ, இங்க ரூபாய்ல அதே நம்பர்! சுங்க வரி அப்படி. வாங்க ஆள் இல்லாம அதே வருஷக் கடைசியில சுமார் 8 லட்சம் குறைச்சாங்க. 2010 ஜனவரியில பிரியஸ் வந்தது, 26 லட்சத்துக்கு மேல. 2013-ல கேம்ரி ஹைபிரிட்டை பெங்களூர் பக்கத்துல பிடதியிலயே பூட்ட ஆரம்பிச்சாங்க. ஆக, நம்ம நாட்டுல பழைய ஹைபிரிட்னு இருக்கறதே கொஞ்சம்தான். கொஞ்சமா இருக்கற வண்டிக்கு மெக்கானிக்கும் கொஞ்சம்தான்.

சிதம்பரத்துல எங்க சித்தப்பா ஒருத்தர் அப்படி ஒரு இறக்குமதி ஹைபிரிட்டை மூணாவது கையா வாங்கினார். எந்த கம்பெனின்னு கேக்காதீங்க. எச்சரிக்கை விளக்கு எரிஞ்சது. ஒரு பெரிய ஊர் சர்வீஸ் சென்டர்ல சொருகிப் பார்த்துட்டு 'பி-0-ஏ-80 சார், பேட்டரி முழுசா மாத்தணும்'னாங்க. சொன்ன தொகை அவர் வண்டி வாங்கின விலையை விட ஜாஸ்தி. 'டேய், நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, பாருடா'ன்னார்.

அந்தக் கோடைப் பத்தித் தேடினா ஒரு சுவாரசியம். 1996 மாடல்லேருந்து அமெரிக்காவுல எல்லா காருக்கும் பொதுவான கண்டறியும் கோடுகள் கட்டாயம். பெரும்பாலான கோடுக்கு 'இந்த சர்க்யூட்ல வோல்டேஜ் கம்மி' மாதிரி ஒரு விவரம் இருக்கும். பி-0-ஏ-80-க்கு அந்தப் பட்டியல்ல இருக்கற விளக்கமே 'ஹைபிரிட் பேட்டரி பேக்கை மாற்று'ங்கறதுதான். நோயைச் சொல்ற இடத்துல சீட்டு எழுதி வச்சிருக்காங்க. ஆனா அந்தக் கோடு விழறது பெரும்பாலும் பேட்டரிக்குள்ள ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் வோல்டேஜ் வித்தியாசம் அதிகமானா. அந்த வித்தியாசம் ஏன் வந்துச்சுன்னு கோடு சொல்லாது.

கடலூர் ஓ.டி. பக்கம் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணன் இருக்கார். மீன்பிடி போட்டுகளோட மின்சார வேலையெல்லாம் பார்க்கறவர். அவர்கிட்ட கொண்டு போனோம். முதல்ல 12 வோல்ட் பேட்டரியை அளந்தார். தளர்ந்திருந்தது, மாத்தினார். விளக்கு போகலை. அடுத்து பின் சீட் ஓரத்துல பேட்டரிக்குக் காத்து இழுக்கற ஜாலியைத் திறந்தார். தலையணை பஞ்சு மாதிரி தூசி! கத்திரி வெயில்ல மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடியிருக்கு அந்த பேட்டரி. அப்புறம் ரப்பர் கையுறை போட்டுக்கிட்டு சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கினார். 'தம்பி, உள்ளே கெப்பாசிட்டர் காலியாகணும். டீ குடிச்சிட்டு வருவோம்'னார். பிளக்கைச் சட்டைப்பைக்குள்ளயே வச்சுக்கிட்டார், வேற யாரும் திரும்ப மாட்டிடக் கூடாதுன்னு.

மூடியைத் திறந்தா, மாட்யூல்களை இணைக்கற செம்புத் தகடெல்லாம் பச்சை பூத்திருக்கு. 'கடல் காத்து தம்பி. போட்டுல பாதி ரிப்பேர் உப்புதான்'. தேய்ச்சுச் சுத்தம் பண்ணி, ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஹெட்லைட் பல்பைச் சுமையா கொடுத்து வோல்டேஜைக் குறிச்சார். நான் லேப்டாப்ல எக்செல் போட்டேன், அவர் சிகரெட் அட்டையில எழுதினார். ரெண்டும் ஒரே மாட்யூலைத்தான் காட்டிச்சு. பழைய பேக்லேருந்து கழட்டின மாட்யூல் ஒண்ணை வாங்கி, மத்ததுங்களோட வோல்டேஜுக்குச் சமப்படுத்திட்டுப் போட்டார். போடும்போதே சொல்லிட்டார்: 'எல்லாத்துக்கும் ஒரே வயசு. அடுத்தது எப்பப் படுக்கும்னு சொல்ல முடியாது'. எட்டு மாசமா ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியா கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஓடிக்கிட்டுதான் இருக்கு.

சர்வீஸ் சென்டர் சொன்னது பொய் இல்லை. அவங்களுக்கு வாரண்டி கொடுக்கணும், அதுக்கு முழு பேக்தான் வழி. ஆனா நடுவுல இருந்த மூணு படியை யாராவது சொல்லியிருக்கணும் இல்லையா?

அக்கரையில

இலங்கையில கதை வேற மாதிரி. அங்க வரிச் சலுகையால ஜப்பான்லேருந்து பழைய ஹைபிரிட்கள் 2010-களில் குவிஞ்சது. யாழ்ப்பாணத்துல பிரியஸ், அக்வா எல்லாம் சாதாரணக் காட்சி. 2020 மார்ச்சுல வாகன இறக்குமதியை நிறுத்தினாங்க, 2025-லதான் தனியார் காருக்குத் திரும்ப வழி திறந்தது. நடுவுல அஞ்சு வருஷம், இருக்கற வண்டியைப் பிழைக்க வைக்கறதைத் தவிர வேற வழி இல்லை. மாட்யூல் மாத்தறதும் ஜாலியைச் சுத்தம் பண்றதும் அங்க மூலைக்கு மூலை தெரிஞ்ச தொழில். தட்டுப்பாடு ஒரு ஊருக்கே வாத்தியாரா வந்த கதை.

அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-ல ஓட்டெடுப்பு நடத்தி, கார் பழுது பார்க்கற தகவலை வெளி மெக்கானிக்குக்கும் கொடுக்கணும்னு சட்டம் கொண்டு வந்தது. நம்ம நாட்டுல 2022-ல நுகர்வோர் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்கு ஒரு குழு போட்டு, வாகனத்தையும் அதுல சேர்த்து, டிசம்பர்ல ஒரு தளமும் திறந்தாங்க. இப்ப நம்ம ரோட்டுல புது ஹைபிரிட்கள் நிறைய வருது. இன்னும் பத்து வருஷத்துல அதெல்லாம் மூணாவது கைக்கு வரும். சிதம்பரத்துலயும் பண்ருட்டியிலயும் எதாவது ஒரு சித்தப்பா வாங்குவார்.

அன்னிக்கு அந்த போட்டு எலெக்ட்ரீஷியன் கையில ஒரு கையேடு இருக்குமா, இல்லை பழையபடி சிகரெட் அட்டைதானா? அதை முடிவு பண்ற இடத்துல உட்கார்ந்திருக்கறது பாதிப் பேர் நம்ம மாதிரி நிரல் எழுதறவங்கதான். எரர் மெசேஜ் எழுதும்போது 'மாற்று'ன்னு மட்டும் எழுதாம, என்ன பார்த்தோம்னு ஒரு வரி சேர்த்து எழுதுங்க மக்கா.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு ஸ்பானரோட கிளம்பிடாதீங்க. ஆரஞ்சு கலர் ஒயர் எங்க பார்த்தாலும் கையை எடுத்துடுங்க, 200 வோல்ட் டி.சி. மன்னிக்காது. ஜாலித் தூசியும் 12 வோல்ட் பேட்டரியும் மட்டும்தான் நம்ம எல்லை. அதுக்கு மேல தெரிஞ்சவரைக் கூப்பிடுங்க, டீ செலவு நம்மளது.