சீதா தேவி பறந்த கதை

அம்பிட்டியவில் விமானம் இறங்க இடமில்லை. கண்டிக்கே ஓடுபாதை கிடையாது. பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில் மிதவை விமானங்கள் வந்து இறங்கியதுண்டு, அவ்வளவுதான். ஆனாலும் பழைய விமானக் கம்பனிகளின் பெயர்களை மனப்பாடமாக ஒப்பிக்கும் பிரியர்கள் இந்த மலைப்பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களிடம் எயார் சிலோன் என்று சொல்லிப் பாருங்கள். பேச்சு நேரே கொமெட், வி.சி.10, ட்ரைடென்ட் என்று ஜெட்டுகளுக்குத் தாவிவிடும். எனக்கென்னவோ, அந்தக் கதையின் சுவை முழுதும் அதற்கு வெகு முன்னால் வந்த டகோட்டாவில்தான் இருக்கிறது. கண்டிச் சீமைக்கும் அதில் ஒரு பங்குண்டு.

1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை டெல்லியிலிருந்து பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அப்போது இம்பாலிலிருந்த நேசப் படையை ஜப்பானியர் வளைத்திருந்தார்கள். சாலை அறுந்துபோன அந்தப் படைக்குச் சோறும் தோட்டாவும் வானத்திலிருந்தே போயாக வேண்டும். சுமந்து போனவற்றில் முக்கியமானது டகோட்டா. டக்ளஸ் கம்பனியின் டி.சி.3 என்ற பயணிகள் விமானத்தைச் சண்டைக்காக வலுப்படுத்திச் செய்தது அது. பத்தாயிரத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். போர் முடிந்ததும் ஏராளமானவை வேலையற்று நின்றன. உலகெங்கும் புதுக் கம்பனிகள் அவற்றை அடிமாட்டு விலைக்கு வாங்கின. இலங்கை அரசும் மூன்றை வாங்கியது.

மூன்றுக்கும் பெண் பெயர்கள்: சீதா தேவி, விகாரமகா தேவி, சுனேத்ரா தேவி. பின்னவர்கள் இருவரும் சிங்கள மன்னர்களின் தாய்மார். துட்டகைமுனுவைப் பெற்றவர் ஒருவர், ஆறாம் பராக்கிரமபாகுவைப் பெற்றவர் மற்றவர். சீதையை இந்தப் பட்டியலில் யார் சேர்த்தாரோ, குறும்புக்காரர். விமானத்தில் ஏற்றி இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவள் பெயரிலேயே, இலங்கையிலிருந்து இந்தியாவுக்குப் போகும் எயார் சிலோனின் முதல் விமானம்! நுவரெலியாப் பக்கம் சீதாஎலியக் கோயிலுக்குப் போய்வருகிற நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1947 டிசம்பர் 10. சுதந்திரத்துக்கு இன்னும் இரண்டு மாதம் கூட இல்லை. கப்டன் பீட்டர் பெர்னாண்டோ ஓட்ட, சீதா தேவி இரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறை என்று அன்று சொல்லப்பட்ட பலாலியில் இறங்கி, மதராஸ் போய்ச் சேர்ந்தது. எயார் சிலோன் பிறந்தது இப்படித்தான். முதல் தடம் லண்டனுக்கல்ல, மதராஸுக்கு. அதில் வியப்பும் இல்லை. 1935 நவம்பரில் இரத்மலானையில் முதன்முதலாகத் தரையிறங்கிய விமானமே மதராஸ் ஃப்ளையிங் கிளப்பின் பயிற்சியாளர் டிண்டேல் பிஸ்கோ ஓட்டிவந்த பஸ் மொத். 1938 பிப்ரவரியில் டாட்டாவின் தபால் விமானம் வந்ததும் அதே மதராஸ் வழியில்தான்.

டகோட்டாவுக்கு முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலடியில் ஒரு குட்டிச் சக்கரம். தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும். பின்கதவால் ஏறியவர் தன் இருக்கைக்கு அம்பிட்டிய மேட்டில் ஏறுகிற மாதிரி ஏறித்தான் போக வேண்டும்; ஓடி வேகமெடுத்து வால் தூக்கிய பிறகே தளம் மட்டமாகும். உள்ளே காற்றழுத்த ஏற்பாடு கிடையாது. ஆகையால் அதிக உயரம் போக முடியாது. பிதுருதலாகலை உச்சிக்குச் சற்று மேலே, மழைமேகத்தின் நடுவே ஆடி ஆடித்தான் பயணம். இன்றைய பயணி பத்து நிமிடம் தாங்கமாட்டார்.

பிறகு கம்பனி பெரிதாகி, ஆஸ்திரேலியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என்று ஒவ்வொருவரோடும் கூட்டு வைத்து, கடைசியில் 1978-இல் நொடித்துப் போனது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் எயார் லங்கா வந்தது. வெளிநாட்டுச் சேவையே இல்லாமல் நெடுங்காலம் கிடந்த பலாலியிலிருந்து சென்னைக்கு 2019 அக்டோபரில் மறுபடி வழி திறந்தார்கள்.

ஜெட்டுகளுக்குப் படமும் பதிவும் நிறைய உண்டு. டகோட்டா நாட்களுக்குத்தான் பஞ்சம். உங்கள் வீட்டு அலுமாரியில் தாத்தா மதராஸ் போய்வந்த எயார் சிலோன் டிக்கெட்டோ பெட்டியில் ஒட்டிய லேபிளோ கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். போனவர் பெயரையும் ஆண்டையும் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள்.