படக்காட்சி திக்கித் திக்கி ஓடுகிறதா? காரணமும் தீர்வும்

திருமண விருந்து, தமிழ்ப்பள்ளிப் பிரியாவிடை, 16-ஆம் நாள் நினைவஞ்சலி என எந்த நிகழ்ச்சியானாலும், குடும்பப் படங்களைப் பாடலுடன் கோத்துத் திரையில் ஓடவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆனால், மண்டபத்தில் உறவினர்கள் கூடியிருக்கும் நேரத்தில்தான் படம் நின்று நின்று ஓடும். பாடல் முடிந்த பிறகும் பாதிப் படங்கள் மிச்சமிருக்கும். கணினி பழையது என்பதே காரணம் என்று பலர் நினைக்கின்றனர். பெரும்பாலான வேளைகளில் உண்மையான காரணம் படங்களின் அளவுதான். அதைப் பணச் செலவின்றிச் சரிசெய்யலாம்.

திரைக்கு எவ்வளவு போதும்?

முழு எச்டி திரை ஒன்றில் குறுக்கே 1,920, மேலிருந்து கீழாக 1,080 என ஏறக்குறைய 2 மில்லியன் புள்ளிகள் உள்ளன. பழைய புரொஜெக்டர்கள் பலவற்றில் இது 1,024க்கு 768 மட்டுமே. 12 மெகாபிக்சல் கைப்பேசியில் எடுத்த படத்திலோ 4,000க்கு 3,000 என 12 மில்லியன் புள்ளிகள் இருக்கும். அதாவது, முழு எச்டி திரை காட்டக்கூடியதைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு.

கோப்பாக இருக்கும்போது அந்தப் படம் சில மெகாபைட்தான். திறந்தவுடன் கணினியின் நினைவகத்தில் குறைந்தது 36 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும். படம் மெல்ல நகர்வது, பெரிதாகி வருவது போன்ற அசைவுகளைச் சேர்த்தால் சுமை மேலும் கூடும். நொடிக்கு 30 சட்டங்கள் என்றால், ஒரு சட்டத்தைத் தயாரிக்கக் கணினிக்குக் கிடைப்பது ஒரு நொடியின் முப்பதில் ஒரு பங்கு நேரமே. அதற்குள் வேலை முடியாவிட்டால் காட்சி திக்கும்.

பழைய படங்களை ஸ்கேன் செய்யும்போதும் இதே சிக்கல்தான். லயத்து வீட்டு வாசலில் எடுத்த 4க்கு 6 அங்குலப் படத்தை 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்தால் 1,200க்கு 1,800 புள்ளிகள் கிடைக்கும். திரைக்கு அது போதும். 1,200 டிபிஐ என்றால் புள்ளிகள் 34 மில்லியனைத் தாண்டும். சேமித்து வைக்க அது நல்லது; படக்காட்சியில் அப்படியே சேர்த்தால் கணினி திணறும்.

எங்கே திக்குகிறது என்று கவனியுங்கள்

- ஒரு படத்திலிருந்து அடுத்த படத்திற்கு மாறும்போது மட்டும் திக்கினால்: படம் மிகப் பெரியது, அல்லது பென்டிரைவிலிருந்து நேரடியாக ஓடுகிறது.
- படம் நகரும்போதும் பெரிதாகும்போதும் திக்கினால்: கணினியின் வரைகலைத் திறனுக்கு மீறிய வேலை.
- பாடலும் சேர்ந்து விட்டுவிட்டுக் கேட்டால்: பின்னணியில் வேறு மென்பொருள் ஓடுகிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியு, மெமரி, டிஸ்க் ஆகியவற்றில் எது 100 விழுக்காட்டை நெருங்குகிறது என்று பார்க்கலாம்.
- தொடக்கத்தில் நன்றாக ஓடி, போகப்போகத் திக்கினால்: நினைவகம் நிரம்புகிறது, அல்லது கணினி சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

சரிசெய்யும் முறை

1. எல்லாப் படங்களையும் ஒரு புதிய கோப்புறைக்குப் படியெடுங்கள். மூலப் படங்களில் கை வைக்க வேண்டாம்.

2. படியெடுத்த படங்களின் நீளப் பக்கத்தை 1,920 புள்ளிகளுக்குக் குறையுங்கள். விண்டோஸ் கணினியில் மைக்ரோசாஃப்டின் இலவச பவர்டாய்ஸ், அல்லது இர்ஃபான்வியூ மூலம் நூற்றுக்கணக்கான படங்களை ஒரே முறையில் குறைக்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரண முறையில் வந்த படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, அவற்றை விட்டுவிடலாம்.

3. ஐபோன் படங்கள் எச்இஐசி வடிவில் இருந்தால் ஜேபெக் வடிவுக்கு மாற்றுங்கள்.

4. படங்களையும் பாடலையும் கணினியின் உள்ளேயே வைத்திருங்கள். ஒன்டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் மட்டும் இருக்கும் படங்களை, திறக்கும் நேரத்தில்தான் கணினி பதிவிறக்கும். மண்டபத்தில் இணையம் மெதுவாக இருந்தால் காட்சி அங்கேயே நின்றுவிடும்.

5. காட்சி தயாரானதும் அதை எம்பி4 காணொளியாக மாற்றிவிடுங்கள். பவர்பாயிண்டில் ஃபைல், எக்ஸ்போர்ட், கிரியேட் எ வீடியோ என்ற வரிசையில் சென்று 1080பி அளவைத் தேர்ந்தெடுக்கலாம். படங்களைத் திறப்பது, நகர்த்துவது போன்ற வேலையெல்லாம் வீட்டிலேயே முடிந்துவிடும். மண்டபத்துக் கணினி காணொளியை ஓட்டினால் போதும். பாடலும் படமும் ஒன்றோடொன்று விலகாது.

6. வீடியோ மென்பொருளில் சட்ட வேகத்தைக் கேட்டால் 30 என்று வையுங்கள். பெரும்பாலான திரைகள் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. 30 என்றால் ஒவ்வொரு சட்டமும் சரியாக இரு முறை தெரியும். 25 என்றால் கணக்கு ஒத்துவராமல், மெல்ல நகரும் படம் இலேசாக நடுங்கும்.

மண்டபத்தில் கவனிக்க வேண்டியவை

மடிக்கணினியை மின்சாரத்தில் இணைத்தே ஓட்டுங்கள். பேட்டரியில் ஓடும்போது பல கணினிகள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேசை விரிப்பு காற்றுத் துளைகளை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ், பி விசைகளைச் சேர்த்து அழுத்தி, 'செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் கணினி ஒரு திரையை மட்டும் கவனிக்கும். விண்டோஸ் அப்டேட்டை முன்கூட்டியே நிறுத்திவையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, விருந்தினர் வருவதற்கு முன் அதே கணினியில், அதே புரொஜெக்டரில் காட்சியை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் பார்த்தால், சூட்டினாலும் நினைவகத்தாலும் வரும் கோளாறு தெரியாது.

மூலப் படம் பத்திரம்

படத்தைக் குறைத்து அதே பெயரில் சேமித்துவிட்டால் இழந்த நுணுக்கம் திரும்ப வராது. துண்டாடப்பட்டுவிட்ட தோட்டங்களில் எடுத்த படங்கள் பல குடும்பங்களில் ஒரே ஒரு பிரதியாகத்தான் இருக்கின்றன. ஸ்கேன் செய்த மூலக் கோப்பைக் கணினியிலும், வெளி வன்தட்டு ஒன்றிலும் என இரண்டு இடங்களில் வைத்திருப்பது நல்லது. நிகழ்ச்சிக்கான காணொளி தொலைந்தால் மறுபடியும் செய்துகொள்ளலாம். தாத்தா, பாட்டியின் ஒரே படம் தொலைந்தால் மறுபடியும் எடுக்க முடியாது.