பஞ்ச நிவாரணப் பணியிலிருந்து வேலை உறுதிச் சட்டம் வரை (1876–2005): தொலைவு, கூலி, நிதி – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

சிற்றூர்களில் கால்வாய், சாலை, குளம் முதலியவற்றை அரசு நிதியில் அமைத்து, அதன்வழி உள்ளூர் மக்களுக்கு வேலை அளிக்கும் முறை இந்தியாவில் ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உடையது. 1876–78 ஆம் ஆண்டுகளின் பஞ்ச நிவாரணப் பணிகள், மகாராட்டிர வேலை உறுதித் திட்டம், 2005 ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் ஆகிய மூன்றையும் தொலைவு, கூலி, நிதி என்னும் மூன்று அளவுகோல்களால் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. தொலைவு பற்றிய விதி தொழிலாளருக்குச் சாதகமாக முற்றிலும் மாறியபோதும், கூலியை நிர்ணயிக்கும் அதிகாரம் நிதி வழங்குவோரிடமிருந்து முழுமையாக விலகவில்லை என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச் சொற்கள்: தாது வருடப் பஞ்சம், டெம்பிள் கூலி, பஞ்ச விதித்தொகுப்பு, வேலை உறுதித் திட்டம், குறைந்தபட்சக் கூலி.

முன்னுரை

தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தை விடுதலைக்குப் பிந்தைய நலத்திட்டங்களின் தொடர்ச்சியாகக் காண்பது பொது வழக்கம். எனினும் அச்சட்டம் கையாளும் மண்வேலை, வருகைப் பதிவேடு, அளந்து கூலி வழங்குதல் முதலான நடைமுறைகள் காலனியப் பஞ்ச நிருவாகத்திலேயே உருப்பெற்றுவிட்டன. நடைமுறை ஒன்றாக இருக்க, அதன் நோக்கம் எவ்வாறு மாறியது என்பதே இங்கு ஆராயப்படும் வினா. 2005 ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டத்தின் மூல விதிகளோடு இந்த ஆய்வின் எல்லை அமைகிறது.

தாது வருடப் பஞ்சமும் டெம்பிள் கூலியும்

1876 ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்ததனால் சென்னை மாகாணத்தின் பல்லாரி, கர்நூல், கடப்பை, நெல்லூர், வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்கள் கடும் பஞ்சத்திற்கு உள்ளாயின. தமிழ் ஆண்டின் பெயரால் ‘தாது வருடப் பஞ்சம்’ என மக்கள் வழக்கில் நிலைத்த இப்பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் நிருவாகம் பல இடங்களில் நிவாரணப் பணிகளைத் தொடங்கியது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து ஏறத்தாழ 8 கி.மீ. நீளத்திற்கு வெட்டப்பட்ட கால்வாய் அவற்றுள் ஒன்று. 1806 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பழைய கடற்கரைக் கால்வாயின் தொடர்ச்சியாக அமைந்து, அது பக்கிங்காம் பெயரையே பெற்றது. பஞ்ச காலக் கூலியாட்களின் உழைப்பு நிலைத்த பொதுச் சொத்தாக மாறியமைக்கு இது தக்க சான்று.

மாகாணத்தின் நிவாரணச் செலவு பெருகுவதைக் கண்ட இந்திய அரசு, 1877 சனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிளைத் தனிப் பொறுப்பாளராகச் சென்னைக்கு அனுப்பியது. இவரே 1873–74 இல் பீகார் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து அரிசி தருவித்து உயிரிழப்பைப் பெரிதும் தடுத்தவர். அதற்காக மிகையாகச் செலவிட்டார் என்னும் கண்டனத்திற்கும் ஆளானவர். சென்னையில் அவர் கடைப்பிடித்த சிக்கனத்தை இப்பின்னணியோடு இணைத்தே மதிப்பிட வேண்டும்.

டெம்பிள் வகுத்த முறையில் வளர்ந்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியமும் சிறு காசும் கூலியாயின. பெண்களுக்கும் சிறுவர்க்கும் இதனினும் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ், கடின உழைப்பில் ஈடுபடுவோருக்கு இவ்வுணவு போதாது என்றும் ஒன்றரை இராத்தல் தானியத்துடன் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றும் வாதிட்டார். அவ்வாதத்தின் விளைவாக 1877 ஆம் ஆண்டிலேயே மாகாண அரசு தானிய அளவை ஒன்றேகால் இராத்தலாக உயர்த்திச் சிறிதளவு பருப்பையும் சேர்த்தது. கூலி என்பது செய்த வேலைக்கான விலையாக அன்றி, உயிரைத் தக்கவைக்கும் குறைந்த அளவு உணவாகவே இருதரப்பாராலும் கணக்கிடப்பட்டது என்பது நோக்கத்தக்கது.

கூலியைப் போலவே தொலைவும் செலவைக் கட்டுப்படுத்தும் கருவியாயிற்று. சொந்த ஊருக்கு அருகில் வேலை தந்தால் தேவையற்றோரும் வருவர் என்பது அதிகாரிகளின் அச்சம். ஆகவே உடல் வலுவுள்ளோர் பல மைல் தொலைவிலுள்ள பணியிடங்களுக்குச் செல்ல வேண்டும் என வலியுறுத்தப்பட்டது. வீட்டைவிட்டு அவ்வளவு தொலைவு நடந்து வருபவரே உண்மையில் பசித்தவர் என்னும் கருத்து ‘தொலைவுத் தேர்வு’ எனப்பட்டது.

ரிச்சர்டு ஸ்டிராச்சி தலைமையிலான பஞ்ச ஆணையம் 1880 இல் அறிக்கை அளித்தது. அதன் அடிப்படையில் 1883 இல் பஞ்ச விதித்தொகுப்பு உருவாயிற்று. மக்கள் நலிவடையுமுன் பணிகளைத் தொடங்குதல், உழைக்க இயலாதோருக்கு ஊரிலேயே இலவச உதவி வழங்குதல் ஆகியன அதன் ஆக்கக் கூறுகள். எனினும் பஞ்சம் நேர்ந்துள்ளது என அறிவிக்கும் அதிகாரமும் வேலையைத் தொடங்கும் அதிகாரமும் அரசிடமே இருந்தன. வேலை கேட்போருக்கு அதில் சட்ட உரிமை ஏதுமில்லை.

மகாராட்டிர வேலை உறுதித் திட்டம்

மகாராட்டிரத்தில் 1970–73 காலத்து வறட்சியின்போது மேற்கொள்ளப்பட்ட நிவாரணப் பணிகள் இம்மரபில் ஒரு திருப்பத்தை உருவாக்கின. காந்தியவாதியும் சட்ட மேலவைத் தலைவருமான வி. ச. பாகே முன்வைத்த கருத்து, முதலில் சாங்கிலி மாவட்டத்தில் சோதிக்கப்பட்டுப் பின் மாநிலத் திட்டமாக விரிந்தது. 1977 இல் நிறைவேறிய வேலை உறுதிச் சட்டம் 26 சனவரி 1979 அன்று நடைமுறைக்கு வந்தது. வேலை கேட்டவருக்குப் பதினைந்து நாட்களுக்குள் வேலை தரப்படாவிடில் உதவித்தொகை தரவேண்டும் என அது விதித்தது. வேலையைத் தொடங்கும் தூண்டுதல் அரசிடமிருந்து தொழிலாளரின் கோரிக்கைக்கு இடம்பெயர்ந்தது.

நிதி ஏற்பாடும் புதியது. 1975 முதல் நகர்ப்புற ஊதியதாரரிடம் தொழில்வரி வசூலிக்கப்பட்டது. பிற வரிகளின்மீதும் கூடுதல் வரி விதிக்கப்பட்டது. அதற்கு இணையான தொகையை மாநில அரசும் அளித்தது. தொலைவைப் பொறுத்தவரை, வேலை மாவட்டத்திற்குள் எங்கும் தரப்படலாம் என்னும் நிலை தொடர்ந்தது. தொலைவுத் தேர்வு கைவிடப்பட்டபோதும், அருகிலேயே வேலை பெறும் உரிமை இன்னும் உருவாகவில்லை.

இதே காலத்தில் நடுவண் அரசு வேலைக்கு உணவுத் திட்டம் (1977), தேசிய ஊரக வேலைவாய்ப்புத் திட்டம் (1980), ஊரக நிலமற்றோர் வேலைவாய்ப்பு உறுதித் திட்டம் (1983), சவகர் வேலைவாய்ப்புத் திட்டம் (1989) ஆகியவற்றை அடுத்தடுத்துக் கொணர்ந்தது. இவை யாவும் ஒதுக்கீட்டை அடிப்படையாகக் கொண்ட மானியங்கள். ஒதுக்கிய தொகை தீர்ந்தால் வேலையும் தீரும்.

கூலி குறித்த நீதிமன்றத் தீர்ப்பு

நிவாரணப் பணிக்குத் தரப்படுவது கூலியா, உதவியா என்னும் 1877 ஆம் ஆண்டின் சிக்கலுக்கு 1983 இல் உச்ச நீதிமன்றம் விடை கூறியது. இராசத்தானில் பஞ்ச நிவாரணச் சாலைப்பணியில் ஈடுபட்டோர் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, குழு செய்த வேலை அளக்கப்பட்டு, குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகப் பெற்றனர். 1964 ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் ஒன்று நிவாரணப் பணிகளுக்குத் தொழிலாளர் சட்டங்களிலிருந்து விலக்கு அளித்திருந்தது. சஞ்சித் ராய் எதிர் இராசத்தான் மாநிலம் என்னும் வழக்கில், குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலிருந்து அளிக்கப்பட்ட அவ்விலக்கு செல்லாது எனத் தீர்ப்பாயிற்று. வறட்சியால் வேறு வழியின்றி வருபவரிடம் குறைந்த கூலிக்கு வேலை வாங்குவதும் அரசமைப்பின் 23 ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என நீதிபதி பகவதி விளக்கினார். செய்த வேலையால் சமூகத்திற்குச் சொத்து உருவாகும்போது அதனைத் தருமமாகக் கருத இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஆயினும் கூலி உயர்வுக்கு மறுபக்கமும் உண்டு. மகாராட்டிரத்தில் 1988 இல் குறைந்தபட்சக் கூலி ஏறத்தாழ இருமடங்கானபோது, திட்டத்தின் கூலியும் அதற்கேற்ப உயர்ந்தது. பின்னர் அளிக்கப்பட்ட வேலையின் அளவு சுருங்கியது. கேட்டவர் அனைவருக்கும் வேலை கிடைக்காத நிலை தோன்றியதை ரவால்லியன், தத், சௌதுரி ஆகியோரின் 1993 ஆம் ஆண்டு ஆய்வு சுட்டிற்று. நிதிக்கு வரம்பு இருக்கும் வரை, சட்டத்தில் எழுதப்பட்ட உரிமையும் நடைமுறையில் பங்கீடாகிவிடும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

2005 ஆம் ஆண்டின் சட்டம்

தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் ஊரகக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டில் நூறு நாள் வேலையை உறுதி செய்தது. 2 பிப்ரவரி 2006 அன்று 200 மாவட்டங்களில் தொடங்கிய இத்திட்டம், கடலூர், திண்டுக்கல், நாகப்பட்டினம், சிவகங்கை, திருவண்ணாமலை, விழுப்புரம் ஆகிய ஆறு தமிழக மாவட்டங்களை முதற்கட்டத்திலேயே உள்ளடக்கியது. தமிழகத்தில் இது ‘நூறு நாள் வேலை’ என வழங்கலாயிற்று.

தொலைவு இச்சட்டத்தில் முழுமையாகத் தலைகீழாகிறது. வேலை ஐந்து கி.மீ. சுற்றளவுக்குள் தரப்படவேண்டும், அதனைக் கடந்தால் கூலியில் பத்து விழுக்காடு கூடுதலாகத் தரவேண்டும். 1877 இல் நடந்து வருபவர் சுமந்த செலவு, 2005 இல் அரசின் செலவாகிறது. ஒப்பந்ததாரர் விலக்கப்பட்டனர். செலவின் அடிப்படையில் குறைந்தது பாதிப் பணிகள் ஊராட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டன.

நிதியும் கூலியும் இவ்வாறு தெளிவாக அமையவில்லை. திறன்சாராத் தொழிலாளரின் கூலி முழுவதையும் பொருட்செலவில் முக்காற் பங்கையும் நடுவண் அரசு ஏற்றது. வேலை தராத மாநிலம் உதவித்தொகையைத் தானே சுமக்க வேண்டும் என்பதால், வேலை தருவதே மாநிலத்திற்கு ஆதாயமாயிற்று. ஆனால் கூலிச்செலவை ஏற்ற நடுவண் அரசுக்கே கூலியை அறிவிக்கும் அதிகாரத்தையும் 6 ஆம் பிரிவு வழங்கியது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் எவ்வாறு கூறினும் இவ்வதிகாரம் செல்லும் என்று அப்பிரிவு தொடங்குகிறது. நாளொன்றுக்கு அறுபது ரூபாய்க்குக் குறையலாகாது என்பது மட்டுமே அதற்கு இடப்பட்ட வரம்பு. 1983 இல் நீதிமன்றம் மூடிய வாயிலைச் சட்டமன்றம் மற்றொரு வழியில் திறந்து வைத்தது எனலாம்.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் பெறப்படுவன வருமாறு:

1. பஞ்ச நிவாரணப் பணியின் கருவிகளே வேலை உறுதிச் சட்டத்திலும் தொடர்கின்றன. அவற்றை இயக்கும் உரிமை அரசிடமிருந்து கோருபவருக்கு மாறியுள்ளது.

2. பசித்தவரைச் சோதிக்கும் கருவியாக இருந்த தொலைவு, தொழிலாளரைக் காக்கும் விதியாக மாறியுள்ளது.

3. கூலியை நிர்ணயிப்பதில் 1877 இல் இந்திய அரசின் சிக்கன நோக்கு எத்தகைய இடம் பெற்றதோ, அதற்கு ஒத்த இடத்தை 2005 ஆம் ஆண்டின் சட்டமும் நிதி வழங்கும் அரசுக்கே அளித்துள்ளது.

வேலை பெறும் உரிமையை ஏற்ற சட்டம், அவ்வேலைக்குரிய விலையை உரிமையாக ஏற்கத் தயங்கியது. மானியம் உரிமையாக மாறும் வழியில் எஞ்சியிருந்த இடைவெளி அதுவே. கார்னிஷ் இராத்தல் கணக்கில் எழுப்பிய வினா ரூபாய்க் கணக்கில் தொடர்ந்தது.