‘டாக்டர் ஹூ’: மறுமுறை பார்த்தலின் வரலாறு

பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சியில் ‘டாக்டர் ஹூ’ தொடரின் முதல் பகுதி 1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை ஒளிபரப்பானது. முந்தைய நாள்தான் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அந்தப் பரபரப்பில் பலர் தொடக்கத்தைத் தவறவிட்டிருப்பார்கள் என்று கருதி, அடுத்த சனிக்கிழமை இரண்டாம் பகுதிக்கு முன்பாக முதல் பகுதியை மீண்டும் காட்டினார்கள். காலத்திலும் வெளியிலும் பயணம் செய்யும் ‘டாக்டர்’ என்ற மர்ம மனிதரின் கதைக்கு முதல் வாரத்திலேயே மறுஒளிபரப்பு வாய்த்துவிட்டது. ஆனால் அதற்குப் பின் நெடுங்காலம் அது அரிதாகவே இருந்தது. பழைய பகுதிகளை மறுபடி பார்க்கும் வழக்கத்தைப் பெரும்பாலும் இத்தொடரின் ரசிகர்களே உருவாக்கினார்கள். நிலையம் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

அந்தக் காலத்துத் தொலைக்காட்சி நாடகம் மேடை நாடகத்தின் நெருங்கிய உறவாகவே கருதப்பட்டது. ‘டாக்டர் ஹூ’ வாரம் ஒன்றாக, சுமார் 25 நிமிடப் பகுதிகளாக வந்தது. நான்கு முதல் ஆறு பகுதிகள் சேர்ந்து பெரும்பாலும் ஒரு கதை. நடிகர்களோடும் எழுத்தாளர்களோடும் செய்த ஒப்பந்தங்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் மிகச் சில மறுஒளிபரப்புகளையே அனுமதித்தன. அதற்கும் தனியாகப் பணம் தர வேண்டும். பழைய நாடகங்களை ஓட்டிக்கொண்டே இருந்தால் புதியவற்றுக்கு வேலை குறையும் என்று நடிகர் சங்கம் அஞ்சியது. ஆகவே காட்டி முடித்த பகுதிக்கு உள்நாட்டில் மதிப்பு அநேகமாக இல்லை.

இதற்கு ஒரு விசித்திரமான விதிவிலக்கு 1968-ல் நிகழ்ந்தது. அப்போதைய ஒளிபரப்புப் பருவத்தின் கடைசிக் கதை முடியும்போது, தன்னோடு பயணம் வர விரும்பும் ஜோயி என்ற பெண்ணிடம், என்னென்ன ஆபத்துகளைச் சந்திக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் தன் நினைவுகளிலிருந்து காட்டத் தொடங்குகிறார். அவர் காட்டும் நினைவு, முந்தைய ஆண்டு வந்த ‘தி ஈவில் ஆஃப் தி டாலெக்ஸ்’ கதைதான். அடுத்த வாரங்களில் அந்த ஏழு பகுதிகளும் மீண்டும் ஒளிபரப்பாயின. மறுஒளிபரப்பையே கதைக்குள் பொருத்திவிட்டார்கள். அந்த ஏழில் இன்று இரண்டாம் பகுதி மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

மற்ற ஆறும் போனதற்குக் காரணம் ஒளிநாடாவின் விலை. இரண்டு அங்குல அகலமுள்ள அந்த நாடாவை அழித்துவிட்டு வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்யலாம். 1967-க்கும் 1974-க்கும் இடையில், முதல் ஆறு ஆண்டுகளின் 253 பகுதிகளுக்குமான மூல நாடாக்கள் அனைத்தும் அழிக்கப்பட்டன. வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்பதற்காக, ஒளித்திரையின் முன் படக்கருவியை வைத்து 16 மி.மீ. பிலிமில் எடுத்த பிரதிகள் தனியாக இருந்தன. விற்பனை உரிமை முடிந்ததும் 1970-களில் அவற்றிலும் பலவற்றைக் குப்பையில் போட்டார்கள். இவற்றைப் பாதுகாக்கும் பொறுப்பு எந்தத் துறைக்கும் தெளிவாக ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை. ஒரு துறையின் பிரதி மற்றொரு துறையில் இருக்கும் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். 1978-ல்தான் அழிப்பு நின்றது. பிபிசியின் முதல் ஆவணத் தேர்வாளராகப் பொறுப்பேற்ற சூ மால்டன், இருப்பு எது, இழப்பு எது என்று கணக்கெடுக்கத் தொடங்கினார்.

இந்த இடைக்காலத்தில் ரசிகர்கள் வேறு வழிகளில் பழைய கதைகளுக்குத் திரும்பினார்கள். முதலாவது ஒலி. வீட்டில் ஒளிப்பதிவுக் கருவி இல்லாத காலத்தில், தொலைக்காட்சியின் ஒலிபெருக்கி முன் மைக்கை வைத்தோ கம்பியால் இணைத்தோ சில இளைஞர்கள் வாரந்தோறும் டேப் ரிக்கார்டரில் பதிந்து வைத்தனர். படம் தொலைந்த எல்லாப் பகுதிகளுக்கும் இன்று ஒலி இருப்பது இவர்களால்தான். ஜான் கியூரா என்ற புகைப்படக்காரர் ஒளிபரப்பு நடக்கும்போதே திரையைப் படமெடுத்து, நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்றுவந்தார். பல பகுதிகளின் காட்சிகளில் அவர் எடுத்த நிழற்படங்களே மிஞ்சியுள்ளன.

இரண்டாவது புத்தகம். 1973-ல் டார்கெட் பதிப்பகம், 1960-களில் வெளியான மூன்று ‘டாக்டர் ஹூ’ நாவல்களை மலிவுப் பதிப்பாக மறுபடி அச்சிட்டது. அவை விற்றதும், ஒளிபரப்பான கதைகளை வரிசையாக நாவலாக்கத் தொடங்கியது. தொடரின் கதைத் தொகுப்பாளராக இருந்த டெரன்ஸ் டிக்ஸ் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். தாங்கள் பிறப்பதற்கு முன் வந்த கதைகளை ஒரு தலைமுறை இந்தச் சிறு நூல்களின் வழியாகவே அறிந்தது. வாசகரின் கற்பனைக்குச் செலவு வரம்பு இல்லாததால், அட்டைச் சுவர்களும் ரப்பர் முகமூடிகளும் இல்லாத பிரம்மாண்டமான ‘டாக்டர் ஹூ’ அவர்கள் மனத்தில் உருவானது.

நிலையமும் மெல்ல இறங்கிவந்தது. 1981 நவம்பரில் பிபிசி 2, அதுவரை டாக்டராக நடித்தவர்களை நினைவூட்டும் வகையில் ‘டாக்டர் ஹூவின் ஐந்து முகங்கள்’ என்ற தலைப்பில் பழைய கதைகளைக் காட்டியது. 1963-ன் முதல் கதையும் அதில் இருந்தது. முதல் நாயகர் வில்லியம் ஹார்ட்னலைப் பலர் அப்போதுதான் நடிப்பில் கண்டார்கள்.

அடுத்த மாற்றத்தை வீடியோ கேசட் கொண்டுவந்தது. 1983-ல், தொடரின் இருபதாம் ஆண்டு விழாவுக்கு வந்த ரசிகர்களிடம் எந்தக் கதையைக் கேசட்டாகக் கேட்கிறீர்கள் என்று வினவியபோது, பலர் 1967-ன் ‘தி டூம் ஆஃப் தி சைபர்மென்’ கதையைக் கேட்டார்கள். அது தொலைந்துபோனவற்றுள் ஒன்று. அதே சைபர்மென் எதிரிகள் வரும் ‘ரிவெஞ்ச் ஆஃப் தி சைபர்மென்’ அந்த அக்டோபரில் முதல் கேசட்டாக வந்தது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் வரும் திகில் திருப்பங்களை வெட்டி ஒரே படமாக ஒட்டியிருந்தார்கள். விலை ஏறத்தாழ 40 பவுண்டு. அமெரிக்காவின் பொதுத் தொலைக்காட்சி நிலையங்களும் பல கதைகளை இப்படித் திரைப்பட நீளத்துக்குத் தொகுத்தே காட்டிவந்தன. அங்கும் ஆஸ்திரேலியாவிலும் பதிவான கேசட்டுகள் ரசிகர்களிடையே கைமாறின. பிரதிக்குப் பிரதி எடுத்து உருவம் கலங்கி, நிறம் வழிந்தாலும் அவற்றுக்குத் தேவை குறையவில்லை.

மறுபடி பார்த்தல் பழைய மதிப்பீடுகளையும் சோதித்தது. ‘தி டூம் ஆஃப் தி சைபர்மென்’ கதையின் நான்கு பகுதிகளும் ஹாங்காங்கிலிருந்து திரும்பக் கிடைத்து, 1992 மே மாதம் கேசட்டாக வந்தபோது விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இரண்டாம் டாக்டர் பேட்ரிக் டிரவுட்டனின் நுட்பமான நடிப்பு வியப்பைத் தந்தது; கண்ணுக்குத் தெரிந்த கம்பிகளும் சில பாத்திரங்களைச் சித்திரித்த விதமும் ஏமாற்றத்தைத் தந்தன. 2013 அக்டோபரில், நைஜீரியாவின் ஜோஸ் நகரிலிருந்து ஒன்பது பகுதிகள் மீட்கப்பட்ட செய்தி வெளியானது. அதுவரை பெரிதாகப் பேசப்படாத ‘தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட்’ கதையை முழுமையாகப் பார்த்தபின் பலர் உயர்வாகப் பேசத் தொடங்கினர்.

டிவிடி காலத்தில் மீட்பு ஒரு தொழில்நுட்பக் கலையாக வளர்ந்தது. பிலிம் பிரதிகளில் இழந்த, ஒளிநாடாவுக்கே உரிய வழுக்கலான அசைவைக் கணினி வழியாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1970-களின் வண்ணப் பகுதிகள் சிலவற்றுக்குக் கறுப்பு வெள்ளைப் பிலிமே எஞ்சியிருந்தது. ஆனால் அதை எடுத்தபோது வண்ணச் சமிக்ஞை நுண்புள்ளிகளாக அதில் பதிந்துபோயிருந்தது. அப்புள்ளிகளைப் படித்து மூல நிறத்தை மீட்டார்கள். படமே இல்லாத பகுதிகளுக்கு ரசிகர்களின் ஒலிப்பதிவை வைத்து அசைவூட்டப் படம் வரைந்தார்கள். 2006-ல் ‘தி இன்வேஷன்’ கதையின் இரண்டு பகுதிகள் இப்படி வந்தன. 1966 நவம்பர் 5 அன்று தொடங்கிய ‘தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்’ ஆறு பகுதிகளும் சரியாக ஐம்பது ஆண்டு கழித்து அசைவூட்டப் படமாக வெளியாயின.

2023 நவம்பரில், அறுபதாம் ஆண்டையொட்டி, பிபிசி தன் இணையவழித் தொலைக்காட்சிச் சேவையில் 800-க்கும் மேற்பட்ட பகுதிகளை ஒரே இடத்தில் திறந்துவிட்டது. ஆயினும் எழுத்தாளரின் வாரிசுகளோடு உரிமை உடன்பாடு எட்டப்படாததால் 1963-ன் முதல் கதை அந்தத் தொகுப்பில் இடம்பெறவில்லை. 1960-களின் பகுதிகளில் ஏறத்தாழ நூறு இன்னும் படமாகக் கிடைக்காத நிலையிலேயே அத்தொகுப்பு வெளியானது. அவற்றைப் பொறுத்தவரை ஒலிப்பதிவும் நிழற்படமும் நாவலும் அசைவூட்டமுமே மறுமுறை பார்த்தலுக்கு உரிய வழிகளாகத் தொடர்ந்தன.