புதுப் பயனர் சேர்க்கை: சேலம், நாமக்கல் சமவெளியில் தமிழ் விக்கித் திட்டங்கள்

புதுப் பயனர் சேர்க்கை என்பது தமிழ் விக்கிப்பீடியா, விக்கிமூலம், விக்சனரி, பொதுவகம் ஆகிய கூட்டறிவுத் திட்டங்களுக்குத் தன்னார்வலராக வருபவரைக் கணக்குத் தொடங்க வைத்து, தட்டச்சும் விதிகளும் பழக்கி, யாரும் கூப்பிடாமலே தொடர்ந்து எழுதும் நிலைக்குக் கொண்டுவரும் பணி. ஒரு நாள் பயிலரங்கைத்தான் பலர் இப்பெயரால் சொல்கிறார்கள். பயிலரங்கில் இப்பணி தொடங்குகிறது, அவ்வளவே. வந்தவர் நிலைப்பாரா என்பது அடுத்த சில வாரங்களில், அவர் செய்த முதல் திருத்தத்துக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பொறுத்தே முடிவாகிறது. சேலம், நாமக்கல் மாவட்டச் சமவெளிக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். இங்கே எழுதப்பட வேண்டிய செய்தி ஏராளம். அச்சில் சான்று உள்ளதோ கொஞ்சம்.

பின்னணி

இப்பகுதியைப் பற்றிய செய்திகளை முதலில் விரிவாகத் தொகுத்தவர்கள் ஆங்கில ஆட்சியின் அதிகாரிகள். எச். லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு 1883இல் வந்தது, எஃப். ஜே. ரிச்சர்ட்ஸின் மாவட்ட விவரச்சுவடி 1918இல் வந்தது. இவ்விரண்டுக்கும் இன்று காப்புரிமைத் தடை இல்லை என்பதால் புதியவர் கையில் முதலில் கொடுக்கத்தக்க நூல்கள் இவை. ஆனால் நாமக்கல்லைப் பற்றித் தேடுபவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நாமக்கல் வட்டம் 1910இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டு, பிறகு சேலத்துக்குத் திரும்பியது. தனி மாவட்டமானது 1997 சனவரி 1 அன்று. எந்த ஆண்டு ஆவணத்தில் ஊர் எந்த மாவட்டத்தின் கீழ் வருகிறது என்று தெரியாமல் தேடினால் இருப்பதும் கண்ணில் படாது.

தமிழில் கலைக்களஞ்சியம் என்னும் பெருமுயற்சியைத் தமிழ் வளர்ச்சிக் கழகத்துக்காக முன்னின்று நடத்திய பெரியசாமித் தூரன் கொங்கு மண்ணில் பிறந்தவர். அதன் பத்துத் தொகுதிகளும் 1954 முதல் 1968 வரை வெளிவந்தன. அங்கே யார் எழுதுவது என்பதைப் பதிப்புக் குழு முடிவு செய்தது. துறை வல்லுநர்களிடம் கேட்டுக் கட்டுரை வாங்கினார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் அழைப்பு எல்லோருக்கும் பொது. அதன் முதற்பக்கம் 2003 செப்டம்பர் 30 அன்று தோன்றியது. அவ்வாண்டு நவம்பரில் சேர்ந்த இ. மயூரநாதன், யாழ்ப்பாணத்தவர், ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டடக் கலைஞராக இருந்தவர், தொடக்க காலப் பணியின் பெரும்பகுதியைத் தோளில் சுமந்தார். 2017 மே மாதத்தில் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது.

ஆள் சேர்ப்பதில் அரசும் போட்டிகளும் கைகொடுத்திருக்கின்றன. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டிக் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அதில் கிடைத்தன. 2017இல் பள்ளிக் கல்வித் துறையின் துணையோடு மாவட்டந்தோறும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. 2019–20இல் இந்திய மொழி விக்கிப்பீடியாக்களுக்கிடையே நடந்த வேங்கைத் திட்டப் போட்டியின் இரண்டாம் பதிப்பில் தமிழ் முதலிடம் பெற்றது. போட்டி கட்டுரைகளைக் கொண்டுவரும். ஆள்களை நிலைக்க வைப்பது வேறு வேலை. அதற்கு ஊரிலேயே இருக்கும் ஒருவர் வேண்டும். இம்மூன்றில் இந்த நோக்கத்துக்கு மிக நெருங்கி வந்தது ஆசிரியர் பயிற்சிதான். ஆசிரியர் ஊரில் இருப்பவர், படிப்பவர், அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகியவர்.

கணக்கும் தட்டச்சும்

பயிலரங்குகள் முதலில் தடுக்கி விழும் இடம் கணினி ஆய்வகம். ஓர் இணைய முகவரியிலிருந்து 24 மணி நேரத்தில் ஆறு கணக்குகளுக்கு மேல் தொடங்க விக்கி மென்பொருள் விடாது. கல்லூரி ஆய்வகத்தின் அத்தனை கணினிகளும் வெளியுலகுக்கு ஒரே முகவரியாகத் தெரிவதால் ஏழாவது மாணவருக்குப் பிழைச்செய்திதான் வரும். முன்கூட்டியே விண்ணப்பித்து அந்த நாளுக்கு வரம்பைத் தளர்த்தலாம். கணக்கு உருவாக்கும் உரிமை பெற்ற ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாம். முந்தைய நாள் மாலையிலேயே அவரவர் கைப்பேசித் தரவில் கணக்குத் தொடங்கி வரச் சொல்வது எல்லாவற்றையும்விட எளிது.

அடுத்தது எழுத்து. மாணவர்கள் கைப்பேசியில் ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழாக்கும் ஒலிபெயர்ப்பு முறைக்குப் பழகியவர்கள். குரல்வழித் தட்டச்சையும் தயங்காமல் கையாள்கிறார்கள். அலுவலகத்திலும் அச்சகத்திலும் இருந்தவர்கள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் வேகமாக அடிப்பார்கள், ஆனால் அவர்கள் சேமித்து வைத்திருக்கும் கோப்பை அப்படியே ஒட்டினால் விக்கியில் குப்பையாகத்தான் தெரியும். ஒருங்குறிக்கு மாற்றிக் காட்டிய பிறகு, பல ஆண்டுகளாகத் திரட்டிய உள்ளூர்க் குறிப்புகளோடு அவர்களே திரும்பி வருவார்கள். 1999இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளச் சொல்வது நல்ல அறிவுரை. முதல் நாளிலேயே சொல்வதற்கு உரியது அல்ல.

முதல் வேலை

புதியவரிடம் புதுக் கட்டுரை எழுதச் சொல்வது வழக்கமாகிவிட்டது. இதைக் கைவிட வேண்டும். புதுக் கட்டுரையில் குறிப்பிடத்தக்கமை, மேற்கோள், நடை, பகுப்பு, காப்புரிமை எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன. ஏதாவது ஒன்றில் தவறினாலும் நீக்கல் வார்ப்புரு விழும். வந்தவர் அன்றோடு போய்விடுவார்.

இப்பகுதியினருக்கு இதைவிட நல்ல வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது. தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கு ஊரக வளர்ச்சித் துறையின் 2015ஆம் ஆண்டுத் தரவைக் கொண்டு தானியங்கி முறையில் கட்டுரைகள் உருவாக்கப்பட்டன. எந்த ஒன்றியம், எந்தத் தொகுதி, எத்தனை கைக்குழாய் என்ற விவரங்களும் சிற்றூர்களின் பட்டியலும் அவற்றில் இருக்கும். ஊரைப் பற்றி வேறெதுவும் இருக்காது. ராசிபுரம் பக்கத்து மாணவர் ஒருவர் தன் ஊராட்சியின் பக்கத்தைத் திறந்ததும் அவருக்குத் திருத்தத் தோன்றும்: சிற்றூரின் பெயர் பிழையாக இருக்கலாம், ஏரியின் பெயர் இல்லாமல் இருக்கலாம், படமே இருக்காது. ஒரு படம், சான்றுள்ள ஒரு வரி, ஒரு பெயர்த் திருத்தம். முதல் நாளுக்கு இது போதும். கட்டுரை ஏற்கெனவே இருப்பதால் அதை யாரும் நீக்கப்போவதில்லை. தன் ஊர் என்பதால் மறுவாரம் எட்டிப் பார்க்கவும் தோன்றும்.

வயதில் மூத்தவர்களுக்கு விக்கிமூலம் பொருத்தமானது. தமிழ் இணையக் கல்விக்கழகம் வழியாக நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை 2016 வாக்கில் அதில் ஏறின. பக்கத்தின் படம் ஒரு புறமும் எந்திரம் படித்த எழுத்து மறுபுறமும் இருக்கும். ஒப்பிட்டுத் திருத்துவதே பணி. மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், வேறொருவரும் சரிபார்த்தது பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது என்பதால் இரண்டு பேருக்கிடையே தானாகவே ஒரு தொடர்பு ஏற்படுகிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவை பழைய வடிவில் அச்சாகியிருக்கும். எந்திரம் அங்கே தடுமாறுகிறது. கல்லூரி மாணவரும் தடுமாறுகிறார். ஓய்வு பெற்ற தமிழாசிரியருக்கு அது இளமையில் படித்த எழுத்து. மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கத்தின் நூல்களும் நாட்டுடைமையானவைதான். நாமக்கல் வட்டாரத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர்களை அழைக்க இதைவிடத் தகுந்த காரணம் தேவையில்லை. இப்பணிக்குக் கைப்பேசித் திரை போதாது. கணினி வேண்டும் என்பதை அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

சான்று என்னும் சிக்கல்

இச்சமவெளியின் வாழ்வு பெரும்பாலும் தொழிலில் இருக்கிறது. சேலத்தின் கொலுசுப் பட்டறைகள், மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்று சொல்லும் ஊர்களின் சேகோ ஆலைகள், நாமக்கல்லின் கோழிப் பண்ணைகளும் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளும், திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்ட நாடெங்கும் போகும் ரிக் வண்டிகள். இத்தொழில்களின் நுணுக்கம் செய்பவர்களின் பேச்சில் உண்டு. நூலில் மிகச் சிறிதே ஏறியிருக்கிறது. மெய்யறிதன்மை விதியோ, வெளியாகி, பிறர் சரிபார்க்கக்கூடிய சான்று இல்லாததை ஏற்காது. ரிக் வண்டியோடு பல மாநிலங்கள் சுற்றிவந்த ஒருவரிடம் நீங்கள் சொல்வதற்குச் சான்று எங்கே என்று கேட்டால் அவருக்கு அது அவமதிப்பாகவே படும். விதி தேவையானதுதான், அது இல்லாவிட்டால் கலைக்களஞ்சியமே இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதில் நாம் எடுக்கும் கவனத்தைப் பொறுத்தே அவர் தங்குவதும் போவதும்.

செய்யத்தக்கவை உண்டு. சேகோசர்வ் என்று அழைக்கப்படும் கூட்டுறவு விற்பனைச் சங்கம் 1981இல் சேலத்தில் அமைந்தது. இத்தகைய அமைப்புகளின் அறிக்கைகள், பெரியார் பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகள், நாளிதழ்களின் சேலம் பதிப்புகள் ஆகியவற்றைத் தேடிக்கொடுத்து, அனுபவம் உள்ளவரையும் தேடல் தெரிந்தவரையும் பக்கத்தில் உட்கார வைக்கலாம். ஒருவர் இது இப்படித்தான் என்பார். மற்றவர் அதற்கு அச்சில் எங்கே இடம் இருக்கிறது என்று பார்ப்பார். தெரிந்ததை முதலில் கல்லூரி இதழிலோ தொழிற்சங்க மலரிலோ எழுதி வெளியிடச் சொல்வதும் நேர்மையான வழி. காலம் பிடித்தாலும் பின்னால் வருபவர் எல்லோருக்கும் அது சான்றாகும்.

இன்னொரு வகைப் பங்களிப்பு கூடுதல் பொறுமையைக் கேட்கும். முதன்முதலாக எழுத வருபவர் பெரும்பாலும் குலதெய்வக் கோயில், தன் கூட்டத்தின் (குலப்பிரிவின்) வரலாறு, தாத்தா தொடங்கிய ஆலை ஆகியவற்றைத் தேர்கிறார். பாசத்தோடு எழுதுகிறார், எழுத்து புகழ்மாலையாகிவிடுகிறது. கூட்டப் பெருமையில் அண்டை ஊருக்கு மனத்தாங்கலும் வரும். முதல் கட்டுரைக்கு இவை வேண்டாம் என்று பயிலரங்கிலேயே காரணத்தோடு சொல்லிவிடுவது, எழுதிய பின் நீக்குவதைவிட ஆயிரம் மடங்கு கனிவானது.

நீக்கமும் வரவேற்பும்

ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து எழுதுவோர் எண்ணிக்கை 2007இல் உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்கியது. ஆரன் ஹாஃபேக்கரும் உடனிருந்தோரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு காரணத்தைத் தேடியது. குறும்பைத் தடுக்க உருவாக்கிய தானியங்கிக் கருவிகளும் இறுகிப்போன விதிகளும், நல்லெண்ணத்தோடு வந்த புதியவரின் திருத்தங்களையும் சேர்த்துத் தள்ளின என்று அது காட்டியது. தமிழ் விக்கிச் சமூகம் அளவில் சிறியது. இங்கே ஒருவர் போவது பெரிய இழப்பு.

தமிழ் விக்கிப்பீடியாவில் புதியவருக்கு வரவேற்பு வார்ப்புரு இடப்படுகிறது. எழுதிப் பழக மணல்தொட்டி, கேள்வி கேட்க ஒத்தாசைப் பக்கம், பொதுவாகப் பேச ஆலமரத்தடி என எல்லாம் அமைந்திருக்கின்றன. பயிலரங்கிலிருந்து வந்தவர்கள் இவற்றை அதிகம் தேடிப் போவதில்லை. தெரிந்த முகத்தைத்தான் தேடுகிறார்கள். ஆகவே பயிலரங்கு நடத்துபவர் பங்கேற்பாளர்களின் பயனர் பெயர்களைக் குறித்துவைத்து, ஒரு மாதமாவது அவர்களுடைய பங்களிப்புகளை நாள்தோறும் பார்க்க வேண்டும். மீள்விக்கப்பட்ட திருத்தம் கண்ணில் பட்டால் அன்றே அவரைத் தொலைபேசியில் அழைத்து, எந்த வரி ஏன் போனது, அதை எப்படித் திரும்பச் சேர்க்கலாம் என்று சொல்ல வேண்டும். இவ்வளவுக்கு நேரம் இல்லையென்றால் ஐம்பது பேரைக் கூட்டாமல் எட்டுப் பேரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

படமும் ஒலியும்

எழுதத் தயங்குபவருக்கு, படங்களையும் ஒலிக்கோப்புகளையும் சேர்த்துவைக்கும் பொதுவகம் எளிய நுழைவு. இந்தியக் காப்புரிமைச் சட்டம், பொது இடத்தில் நிலையாக உள்ள கட்டடத்தையும் சிற்பத்தையும் படம் எடுத்து வெளியிட அனுமதிக்கிறது; சுவரோவியத்துக்கும் விளம்பரப் பதாகைக்கும் இந்த அனுமதி பொருந்தாது. சங்ககிரிக் கோட்டை வாயில்களைத் தாராளமாக எடுக்கலாம். கோயிலுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. கோயில் படம் எடுக்கப் போகிறவர் கோபுரத்தோடு நின்றுகொள்ள வேண்டியிருக்கும். திரைப்படத்துக்கு இந்தியாவில் காப்புரிமை வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டு. டி. ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய படங்கள், 1956இல் வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ உட்பட, அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. இணையத்தில் கிடைத்த எந்தப் படத்தையும் ஏற்றலாம் என்று எண்ணி வருபவருக்கு, காப்புரிமைக் காலம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை விளக்க இது நல்ல எடுத்துக்காட்டு.

விக்சனரியில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்பக்கங்கள் உள்ளன. ஒரு சொல்லைச் சொல்லிப் பதிந்து ஒலிக்கோப்பாக ஏற்ற, லிங்குவா லிப்ரே என்னும் கருவி உதவுகிறது. எழுதப் படிக்கச் சிரமப்படுபவரும் ஒருவர் துணையிருந்தால் பங்களிக்க முடியும். பட்டறையிலும் தறிக்குழியிலும் வழங்கும் சொற்களை அத்தொழில் செய்பவர் குரலிலேயே சேர்ப்பதற்கு இப்போதைக்கு இதுவே நேர்வழி. பதிவு செய்யும் முன், அக்குரலை யாரும் எங்கும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தைப் பேசுபவருக்குப் புரியும்படி சொல்லி, அவர் சரி என்ற பிறகே ஏற்ற வேண்டும்.