பார்டிஷன் போடாமல் லினக்ஸ்: ஒரு சின்ன வரலாறு

லினக்ஸை இன்ஸ்டால் செய்யாமல் ஓட்டிப் பார்க்கும் வசதியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 2000-ல் வந்த க்னாப்பிக்ஸ் சீடியில் இருந்துதான் ஆரம்பிப்பார்கள். என் கணக்கில் அது பாதிக் கதைதான். இன்னொரு கிளை இருக்கு, அதை யாரும் கண்டுக்கிறதில்லை.

முதலில், இது ஏன் தேவைப்பட்டது? பயம்தான் காரணம். தொண்ணூறுகளில் வீட்டுக் கணினியின் மொத்த ஹார்ட் டிஸ்க்கும் பெரும்பாலும் ஒரே சி டிரைவ். லினக்ஸ் போடணும்னா அதை இரண்டாக வெட்டணும். எஃப்டிஸ்க்கில் ஒரு கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னால் விண்டோஸ், கடிதங்கள், ஆபீஸ் கணக்கு எல்லாம் போச்சு. கற்றுக்கொள்ள ஆசைப்பட்ட எத்தனையோ பேர் நின்றுபோன இடம் இதுதான்.

சீடியில் இருந்தே ஓட்டலாம் என்று முதலில் காட்டியது கலிஃபோர்னியாவின் இக்ட்ராசில் நிறுவனம், 1992 டிசம்பரில். அப்படியென்றால் க்னாப்பிக்ஸ் வர ஏன் எட்டு வருஷம் ஆச்சு? அன்றைய சீடி டிரைவ் நொடிக்கு 150 கிலோபைட்தான் படிக்கும். ரேம் 4 எம்பி, 8 எம்பி. சீடியில் இருந்து பூட் ஆகும் வழியே கிடையாது, ஃப்ளாப்பி வேண்டும். அதற்கான எல் டொரிட்டோ தரமே 1995-ல்தான் வந்தது. யோசனை சரி, வன்பொருள்தான் வந்து சேரவில்லை.

இந்த இடைவெளியில்தான் நான் சொன்ன இன்னொரு கிளை. அதன் பெயர் யூஎம்எஸ்டாஸ். டாஸ் டிரைவில் சாதாரண ஃபோல்டர் ஒன்றுக்குள் முழு லினக்ஸையும் வைத்துவிடலாம். டாஸில் ஃபைல் பெயர் எட்டு எழுத்து, மூன்று எழுத்து எக்ஸ்டென்ஷன், அவ்ளோதான். லினக்ஸுக்கு வேண்டிய நீளப் பெயர், ஓனர், பெர்மிஷன் எல்லாவற்றையும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் தனி ஃபைல் ஒன்றில் எழுதிவைத்துச் சமாளித்தார்கள். ஸ்லாக்வேர்காரர்களின் ஜிப்ஸ்லாக் இந்த வழியில் 100 எம்பி ஜிப் டிஸ்க்கில் அடங்கியது. டாஸுக்குப் போய் லோட்லின்னை இயக்கினால் லினக்ஸ் வந்துவிடும். பிடிக்கலையா, ஃபோல்டரை டிலீட் செய்துவிடலாம். பார்டிஷனைத் தொடவே வேண்டாம்.

இந்த வழியை அடைத்தது விண்டோஸ் எக்ஸ்பி. 2001-ல் எக்ஸ்பியோடு என்டிஎஃப்எஸ் வீட்டுக் கணினிக்கு வந்தது, அடியில் இருந்த டாஸ் போனது. யூஎம்எஸ்டாஸுக்கு இரண்டும் வேண்டும்.

எனவே சீடி கிளை ஜெயித்தது. ஜெர்மனியின் கிளவுஸ் க்னாப்பர் செய்ததில் எனக்குப் பிடித்த விஷயம் கம்ப்ரெஷன். சீலூப் என்ற டிரைவர் மூலம் ஏறக்குறைய 2 ஜிபி மென்பொருளை 700 எம்பி சீடியில் அடைத்தார். சுருக்கினால் மெதுவாகத்தானே ஓடும்? இல்லை. சீடி டிரைவ்தான் மந்தம், பிராசசருக்கு நேரம் இருந்தது. குறைவாகப் படித்து விரித்துக்கொள்வதே வேகம். கூடவே வன்பொருளைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும், ஹார்ட் டிஸ்க்கைப் படிக்க மட்டும்தான் திறக்கும். பயத்துக்கு மருந்து அந்தக் கடைசி அம்சம்தான். (பழகிப் பார்க்க வாங்கிய சீடியை, பூட் ஆகாத விண்டோஸில் இருந்து ஃபைல்களை மீட்கப் பயன்படுத்தியவர்களும் ஏராளம்!) 2005-ல் யூனியன்எஃப்எஸ் சேர்ந்ததும், எழுத முடியாத சீடி மேல் எழுதுவது போலவே ரேமில் எழுத முடிந்தது. உபுண்டு 2004-ல் இருந்து லைவ் சீடியைத் தபாலில் இலவசமாகவே அனுப்பியது.

பழைய கிளை செத்துப்போகவில்லை. 2008 ஏப்ரலில் உபுண்டு 8.04-உடன் வுபி வந்தது. என்டிஎஃப்எஸ் டிரைவில் ஒரு பெரிய ஃபைல், அதற்குள் முழு உபுண்டு. வேண்டாம் என்றால் கன்ட்ரோல் பேனலில் மற்ற புரோகிராம் மாதிரியே நீக்கலாம். யூஎம்எஸ்டாஸின் பேரன் என்றுதான் இதைச் சொல்வேன். ஆனால் ஃபைலுக்குள் ஃபைல்சிஸ்டம் என்பதால் திடீரென்று கரன்ட் போனால் கெட்டுப்போகும் வாய்ப்பு அதிகம். அந்த வருஷங்களில் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். யூபிஎஸ் இல்லாத வீட்டில் அதை விட லைவ் சீடியே மேல்.

பிறகு யூஇஎஃப்ஐ கணினிகளும் விண்டோஸ் 8-ம் வந்தன. வுபி அவற்றோடு ஒத்துப்போகவில்லை, 13.04-ல் உபுண்டு அதைக் கைவிட்டது. சீடியின் இடத்தை யூஎஸ்பி பிடித்துக்கொண்டது.

இன்று யூஎஸ்பியில் லினக்ஸை ஓட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், ஷட்டவுன் செய்தாலும் பாதி உறக்கத்தில்தான் சி டிரைவை விட்டுவைக்கும். அந்த நிலையில் லினக்ஸில் இருந்து அதில் எழுதக்கூடாது. ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள், முழுசாக அணையும்.