துப்புரவு வேதிப்பொருட்களை டிரெய்லரில் கொண்டுசெல்லல்

துப்புரவு வேதிப்பொருட்களை டிரெய்லரில் கொண்டுசெல்லல் என்பது, கட்டடங்களைக் கழுவும் தொழிலில் பயன்படும் அரிக்கும் திரவங்களைப் பணி டிரெய்லரில் பாதுகாப்பாக வைத்து எடுத்துச்செல்லும் முறைகளைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவில் கூரை, சுவர், நடைபாதை ஆகியவற்றைக் கழுவித்தரும் சிறு தொழில்முனைவோர், தண்ணீர்த் தொட்டி, பம்பு, பெட்ரோல் இயந்திரம், வேதிப்பொருட்கள் அனைத்தையும் ஒரே டிரெய்லரில் ஏற்றிச் செல்கின்றனர். இக்கட்டுரை அந்நாட்டு நடைமுறையை அடிப்படையாகக் கொண்டது.

ஏற்றப்படும் பொருட்கள்

கூரையில் படரும் பாசியை அழிக்கச் சோடியம் ஐப்போகுளோரைட்டுக் கரைசல் பயன்படுகிறது. வீட்டு வெளுப்பானிலும் இதுவே உள்ளது. ஆனால் தொழில்முறைக் கரைசலின் செறிவு பெரும்பாலும் 10 முதல் 12.5 விழுக்காடு வரை இருக்கும். செங்கல்லில் படிந்த சாந்துக் கறையை நீக்க ஐதரோகுளோரிக் அமிலமும், எண்ணெய்ப் பிசுக்கை நீக்கச் சோடியம் ஐதராக்சைடும் எடுத்துச்செல்லப்படுகின்றன.

இவை மூன்றும் போக்குவரத்து விதிகளின்படி ஒரே வகுப்பைச் சேர்ந்தவை: வகுப்பு 8, அரிக்கும் பொருட்கள். மூன்றிலும் ஒரே வில்லைதான் ஒட்டப்பட்டிருக்கும். ஒரே வில்லை உள்ளவற்றை அருகருகே வைக்கலாம் என்று எண்ணுவது இயல்பு; ஆனால் அது தவறு. அந்த எண் ஒரு பொருள் தோலையும் உலோகத்தையும் என்ன செய்யும் என்பதையே கூறுகிறது. பக்கத்துக் கேனில் உள்ளதுடன் கலந்தால் என்னவாகும் என்பதை அது கூறுவதில்லை.

கலப்பதனால் ஏற்படும் தீங்கு

ஐப்போகுளோரைட்டு அமிலத்துடன் சேர்ந்தால் குளோரின் வாயு உடனே வெளிப்படும். இவ்வாயு காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. எனவே மூடிய டிரெய்லரின் தரையோடு தேங்கி நிற்கும். அம்மோனியா கலந்த கழுவுபொருள்களுடன் சேர்ந்தால் குளோரமீன்கள் உருவாகும்.

2016 அக்டோபர் 21 அன்று கான்சசு மாநிலத்தின் அட்சிசன் நகர ஆலையொன்றில், சரக்குந்தில் வந்த கந்தக அமிலம் ஐப்போகுளோரைட்டுத் தொட்டிக்குள் தவறுதலாகச் செலுத்தப்பட்டது. எழுந்த நச்சு மேகத்தால் 140க்கும் மேற்பட்டோர் மருத்துவ உதவி நாடினர். இரண்டு நிரப்புக் குழாய்களும் ஒன்றுபோலத் தோற்றமளித்து அருகருகே இருந்ததும், வெளுப்பானுக்குரிய குழாய் பூட்டப்படாமல் இருந்ததும் விசாரணையில் தெரியவந்தன. டிரெய்லரில் அளவு சிறியது. எனினும் அமிலத்திற்குப் பயன்படுத்திய புனலையோ பம்பையோ வெளுப்பானுக்கும் பயன்படுத்துவது இதே தவறுதான்.

வைக்கும் முறை

அமிலமும் வெளுப்பானும் டிரெய்லரின் எதிரெதிர் முனைகளில், தனித்தனிக் கசிவுத் தட்டுகளில் வைக்கப்பட வேண்டும். ஒரே தட்டில் வைத்தால் இரண்டு கசிவுகளும் அங்கேயே கலந்துவிடும். அமிலத்தை அன்று தேவையில்லாத நாளில் ஏற்றாமலே விடுவது இன்னும் நல்லது.

வெளுப்பான் வெப்பத்தாலும் ஒளியாலும் தானாகவே சிதையும். செம்பு, நிக்கல் போன்ற உலோகங்களின் சுவடு பட்டால் சிதைவு விரைவுபடும். அப்போது ஆக்சிசன் வெளிப்பட்டு, இறுக மூடிய கேன் உப்பும். ஆகவே வாயுவை வெளிவிட்டுத் திரவத்தைத் தடுக்கும் மூடி, உயர் அடர்த்தி பாலிஎத்திலீன் தொட்டி, நிழல் ஆகியவை தேவை. பித்தளை இணைப்புகள் விரைவில் அரிக்கப்படும். சோடியம் ஐதராக்சைடை அலுமினியத் தரையில் சிந்தவிட்டால் தரை அரிக்கப்படுவதோடு, தீப்பற்றக்கூடிய ஐதரசனும் வெளிப்படும்.

செறிந்த கரைசல் லீட்டருக்கு ஏறக்குறைய 1.2 கிலோகிராம் எடையுள்ளது. எனவே தொட்டியும் அச்சும் தண்ணீரின் எடையைக் கொண்டு கணக்கிடப்பட்டிருந்தால் போதாது. பாதி நிரம்பிய தொட்டி வளைவுகளில் அலைந்து வண்டியைத் தள்ளும். உட்புறத் தடுப்புத் தகடுகள் இதைக் குறைக்கின்றன.

சட்ட வரம்புகள்

சொந்தத் தொழிலுக்காகச் சிறிதளவு எடுத்துச்செல்வோருக்கு அமெரிக்கக் கூட்டரசு விதிகள் சலுகை அளிக்கின்றன. இவ்வகைக் கரைசல்களுக்குப் பொதுவாக ஒரு கொள்கலனில் 30 லீட்டர், ஒரு வாகனத்தில் கொள்கலன் எடையும் சேர்த்து 200 கிலோகிராம் என்பது வரம்பு. ஏறத்தாழ 19 லீட்டர் கொள்ளும் கேன்கள் எட்டு ஏற்றினாலே இவ்வரம்பு நிறைந்துவிடும். பெட்ரோல் கேனும் இதே கணக்கில் சேரும். கொள்கலன் கசியாததாகவும், பெயர் எழுதப்பட்டதாகவும், அசையாதபடி கட்டப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

450 லீட்டருக்கு மேற்பட்ட கொள்ளளவுடைய தொட்டியில் இத்தகைய பொருளைக் கொண்டுசென்றால் அளவு எதுவாயினும் எச்சரிக்கைப் பலகை பொருத்த வேண்டும். ஓட்டுநரின் உரிமத்தில் தனி ஒப்புதலும் வேண்டும். எச்சத்தைக் கழுவி நீக்காத வெறுந்தொட்டிக்கும் எச்சரிக்கைப் பலகை கட்டாயம்.

விபத்தின்போது

கண்ணில் பட்டால் 15 நிமிடம் தொடர்ந்து நீரால் கழுவ வேண்டும். சிறு கண்கழுவும் புட்டி இதற்குப் போதாது. அந்நாட்டுத் தரநிலையின்படி நிமிடத்திற்கு ஏறக்குறைய 1.5 லீட்டர், அதாவது மொத்தம் 20 லீட்டருக்கும் அதிகமான தூய நீர் தேவை. இந்நீர் அழுத்தப் பம்பின் வழியாக வரக்கூடாது. சிந்திய வெளுப்பானை நடுநிலையாக்க அமிலம் ஊற்றக்கூடாது. சோடியம் தயோசல்பேட்டு இதற்குப் பயன்படுகிறது.